ஐயா வீட்டுத் தகரப் பெட்டியும் தேய்ந்த பிரஷ்களும்

தேவகோட்டைப் பக்கத்தில் உங்கள் ஐயாவின் வீட்டை ஒதுங்கவைக்கும்போது இரண்டாம் கட்டு அறையில் ஒரு தகரப் பெட்டி கிடைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். அதில் பழைய பிரஷ்கள், சிவப்பு நூல் சுற்றிய கட்டை, ஊசித்துளை போட்ட காகிதங்கள், வர்ணம் காய்ந்த சிரட்டைகள், சில பொடிப் பொட்டலங்கள், வழவழப்பான ஒரு கல், நுனியில் துணி சுற்றிய மூங்கில் குச்சி. இவை என்ன, கழுவிப் பயன்படுத்தலாமா, காரைக்குடி பழம்பொருள் கடைக்காரர் கேட்கிறார் கொடுத்துவிடலாமா என்று மூன்று கேள்விகள். ஆனால் கடைசி வரியில் நீங்கள் கேட்டதுதான் மற்ற மூன்றையும்விடப் பெரிய கேள்வி: "நானும் நீர்வண்ணம் வரைகிறேன். ஆனால் படத்தைவிட இந்தச் சாமான்கள்தான் என்னை இழுக்கின்றன. இது சரிதானா, இல்லை வரையாமல் இருப்பதற்கு நானே சொல்லிக்கொள்ளும் சாக்கா?"

நான் கும்பகோணத்தில் ஓவியம் படித்தவன். பிறகு பல வருடங்களாகச் செட்டிநாட்டு வீடுகளில் சுவர்ப் பூச்சு, விதானத்து வர்ணவேலை, தஞ்சாவூர்ப் படங்கள் இவற்றைப் பழுதுபார்த்து வருகிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன். நீங்கள் அனுப்பிய படங்களை மட்டும் வைத்துப் பேசுவதால் சிலவற்றை உறுதியாகவும் சிலவற்றை ஊகமாகவும்தான் சொல்ல முடியும். எது எது என்று அங்கங்கே குறிப்பிடுகிறேன்.

முதலில் சந்தேகமே இல்லாதவை. சிவப்பு நூல் கட்டை, நூல் அடிப்பதற்கு. செங்காவியைக் கரைத்து நூலை அதில் நனைத்து, இரண்டு முனையையும் சுவரில் இழுத்துப் பிடித்து, நடுவில் விண்ணென்று சுண்டினால் ஒரு நேர்கோடு விழும். கொத்தனார், தச்சர், ஸ்தபதி, சுவரில் எழுதுபவர் எல்லாரும் இதைச் செய்வார்கள். உங்கள் நூலில் சிவப்பு உள்ளிழை வரை ஊறியிருக்கிறது. கொஞ்ச நாள் வேலையில் அப்படி ஊறாது.

துணி சுற்றிய மூங்கில் குச்சியைப் பந்தம் என்று நினைத்ததாகச் சொன்னீர்கள். அது கை தாங்கும் குச்சி. துணிப் பந்து இருக்கும் நுனியைச் சுவரின் காய்ந்த பகுதியில் ஊன்றி, மறுமுனையை இடது கையில் பிடித்துக்கொண்டு, அதன்மேல் வலது மணிக்கட்டைச் சாய்த்து வரைவார்கள். ஈர வர்ணத்தில் கை படாது, நீளமான கோட்டில் நடுக்கமும் வராது. ஐரோப்பிய ஓவியர்களும் பல நூறு ஆண்டுகளாக இதே குச்சியை வைத்திருந்தார்கள். அவர்கள் தங்களைத் தாங்களே வரைந்துகொண்ட படங்களில் இதைப் பார்க்கலாம். ஃப்ளெக்ஸ் பேனர் வருவதற்கு முன்னால் நம் ஊர்க் கடைப் பலகைகளை எழுதியவர்கள் கையிலும் இது இருந்தது.

ஊசித்துளைக் காகிதம் ஒரே உருவத்தைத் திரும்பத் திரும்ப இறக்குவதற்கு. வரைந்த கோட்டின்மேல் வரிசையாக ஊசியால் குத்தி, சுவரில் ஒட்டவைத்து, கரிப்பொடி கட்டிய மெல்லிய துணி மூட்டையால் தட்டினால் புள்ளி புள்ளியாக உருவம் இறங்கும். அதைப் பிடித்துக்கொண்டு கோடு போடுவார்கள். செட்டிநாட்டு வீடுகளில் விதானத்துக்குக் கீழே சுவரைச் சுற்றி ஓடும் பூக்கொடி வரிசைகள் பலவும் ஏதாவது ஒரு வகைப் படியெடுப்பில் வந்தவைதான். அத்தனை அடி நீளத்துக்கு ஒரே அளவில் கைப்பழக்கத்தில் மட்டும் யாரும் வரைய மாட்டார்கள்.

இனி சந்தேகமானவை. அந்தக் கல்லுக்கு இரண்டு வேலைகளில் ஒன்று இருந்திருக்கலாம். செட்டிநாட்டுச் சுவர்களின் பளபளப்பு கடைசிப் பூச்சில் வருவது. நன்றாக அரைத்த சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசி, ஈரம் இழுக்கும் நேரத்தில் வழவழப்பான கல்லால் தேய்த்துக்கொண்டே இருப்பார்கள். கடுக்காய், வெல்லம் போன்றவையும் சுண்ணாம்பில் சேர்ந்தன, கொத்தனாருக்குக் கொத்தனார் பக்குவம் மாறும். தேய்க்கத் தேய்க்க மேற்பரப்பு நெருங்கி இறுகிக் கண்ணாடிபோல் ஆகும். இது ஒரு வேலை. இன்னொன்று, படத்தில் ஒட்டிய தங்க ரேக்கை மெருகேற்றுவது. சுவருக்கான கல் உள்ளங்கையை நிறைக்கும், ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்திருக்கும். தங்கத்துக்கானது விரல் அளவுதான் இருக்கும், பெரும்பாலும் கைப்பிடி போட்டிருப்பார்கள். உங்களுடையது உள்ளங்கை அளவு என்று தெரிகிறது, அதனால் சுவர் பக்கம்தான் என் எண்ணம் சாய்கிறது. கல்லில் உள்ள சின்னக் குழிகளில் வெள்ளையாக ஏதாவது அடைந்திருக்கிறதா என்று பூதக்கண்ணாடியில் பாருங்கள். சுண்ணாம்பு இருந்தால் விஷயம் முடிந்தது.

பிரஷ்களுக்கு வருகிறேன். இங்கேதான் கொஞ்சம் அதிகம் பேசப் போகிறேன். சின்னதாக மூன்று இருக்கின்றனவே, முடிக்கும் கட்டைக்கும் நடுவில் தகரம் இல்லாமல் பறவையின் இறகுத் தண்டு இருப்பவை, அவை பழைய முறையில் கட்டியவை. இறகுத் தண்டை நனைத்து இளக்கி, கட்டிய முடிக் கொத்தை அகன்ற முனை வழியாக உள்ளே விட்டு, நுனி வெளியே வரும்வரை இழுத்துக் காயவிட்டால் தண்டு சுருங்கி முடியை இறுகப் பிடித்துக்கொள்ளும். ஐரோப்பாவிலும் நம் நாட்டிலும் பல நூற்றாண்டுகள் நுண்ணிய பிரஷ்களை இப்படிக் கட்டினார்கள். 19ஆம் நூற்றாண்டில் உலோகக் குழல் பரவலாக வந்தது. அதை நசுக்கித் தட்டையாக்க முடிந்ததால் தட்டைப் பிரஷும் பரவியது. ஐரோப்பாவில் அந்த நூற்றாண்டின் பிற்பாதியில் படங்களில் சதுரம் சதுரமாக வர்ணத்தீற்றல் வந்ததற்கு அந்தத் தட்டைப் பிரஷும் ஒரு காரணம். ஜான் காஃப் ராண்ட் என்ற ஓவியர் 1841இல் காப்புரிமை பெற்ற உலோக டியூப் இன்னொரு காரணம். அதுவரை அரைத்த எண்ணெய் வர்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டிவைத்தார்கள். டியூப் வந்தபிறகு வர்ணத்தைச் சுலபமாக வெளியிலே தூக்கிப்போய் வெயிலில் நின்று வரைய முடிந்தது. ஆனால் இறகுத் தண்டு இருப்பதால் மட்டும் உங்கள் பிரஷ் இத்தனை வருடப் பழசு என்று சொல்ல முடியாது. அந்த முறை முழுக்க நின்றுபோகவில்லை, இன்றும் அப்படிக் கட்டுகிறார்கள்.

முடி எந்த விலங்கினுடையது என்று படத்தைப் பார்த்து யாராவது உறுதியாகச் சொன்னால் நம்பாதீர்கள். நம் பக்கத்து ஓவியர்கள் அணில் வால் முடியை அதிகம் பயன்படுத்தினார்கள். மென்மையாக இருக்கும், தண்ணீரை நிறையப் பிடிக்கும், நனைத்தால் ஊசிபோல் கூடும். கீரி முடியும் புழக்கத்தில் இருந்தது. நுனி கறுத்து நடுப்பகுதி வெளிறி இருந்தால் கீரியாக இருக்க வாய்ப்பு உண்டு. நுண்ணோக்கியில் முடியின் செதில் அமைப்பைப் பார்த்துத்தான் முடிவு சொல்ல முடியும். இது முக்கியம், ஏனென்றால் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம், 1972இன்படி கீரி பாதுகாக்கப்பட்ட விலங்கு, அதன் முடியில் செய்த பிரஷை விற்பதும் வாங்குவதும் குற்றம். ஆகவே முடி என்னவென்று தெரியாமல் கடைக்காரரிடம் கொடுக்க வேண்டாம். அப்படியே விற்றாலும் பெரிய தொகை எதுவும் வராது. தனித்தனியாகப் பிரிந்துவிட்டால் இந்தச் சாமான்களுக்கு அர்த்தமும் போய்விடும்.

முரட்டுப் பிரஷ் இரண்டும் பன்றிமுடி என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். நுனி இயற்கையிலேயே பிளந்திருக்கும், அந்தப் பிளவுதான் கெட்டியான வர்ணத்தைப் பிடித்துக்கொள்வது. சுமார் 600 வருடங்களுக்கு முன் வாழ்ந்த சென்னினோ சென்னினி என்ற இத்தாலிய ஓவியர் இந்த முடியைப் பற்றி ஓர் அருமையான யோசனை எழுதிவைத்திருக்கிறார். புதுப் பன்றிமுடியைப் பெரிய கட்டாகக் கட்டி முதலில் சுவருக்கு வெள்ளையடிக்கக் கொடுக்க வேண்டும். அடித்து அடித்து முடி இளகியபிறகு கட்டைப் பிரித்து, அதிலிருந்து ஓவியத்துக்கான சின்னப் பிரஷ்களைக் கட்டிக்கொள்ள வேண்டும். ஒரு கருவி வேலையில் பழகித்தான் கருவி ஆகிறது என்பதை அவர் இவ்வளவு எளிமையாகச் செய்துகாட்டியிருப்பது எனக்கு எப்போதும் வியப்பு.

உங்கள் பெட்டியிலேயே எனக்கு மிகவும் பிடித்தது அந்தத் தட்டைப் பிரஷ்தான். ஓர் ஓரம் மட்டும் சரிந்து தேய்ந்திருக்கிறது பாருங்கள். பிடித்தவர் எந்தச் சாய்வில் பிடித்தார், எந்தப் பக்கமாக இழுத்தார் என்பதெல்லாம் அந்தச் சரிவில் இருக்கிறது. கட்டையில் கட்டைவிரல் பதிந்த இடத்தில் வர்ணம் போய் மரம் மின்னுகிறது. பிரஷ்களைக் கழுவ வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான். சோப்பும் டர்பன்டைனும் வேண்டாம், எண்ணெய் பூசுவதும் வேண்டாம். அடிமுடியில் காய்ந்து கிடக்கும் வர்ணத்தில் பசை என்ன, பொடி என்ன என்பது பின்னால் ஒருவர் சோதித்தால் தெரியக்கூடியது. கழுவினால் அது போயிற்று.

சித்தன்னவாசலுக்குப் போயிருப்பீர்கள், உங்கள் ஊரிலிருந்து அதிக தூரம் இல்லை. 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று பொதுவாகச் சொல்லப்படும் அந்தத் தாமரைக் குள ஓவியத்தில் பூத்தண்டுகளின் கோட்டை நெருங்கிப் பாருங்கள். சுண்ணாம்பு வெள்ளையும் கரியும் காவி மண்ணும் முக்கிய வர்ணங்கள். ஓவியத்தை ஆயிரம் வருடத்துக்கு மேல் கல் காப்பாற்றிவிட்டது. வரைந்தவர்களின் பிரஷில் ஒரு முடிகூட நம்மிடம் இல்லை. கோட்டின் தடிமனையும் அது முடியும் விதத்தையும் பார்த்துத்தான் என்ன பிடித்திருப்பார்கள் என்று ஊகிக்கிறோம். படத்தைச் சட்டம்போட்டு மாட்டுகிறோம், வரைந்த சாமானைக் குப்பையில் போட்டுவிடுகிறோம். அதனால்தான் ஒரு வேலையாளின் கருவிகள் கலையாமல் ஒரே பெட்டியில் கிடைத்திருப்பதைப் பெரிய விஷயமாக நினைக்கிறேன்.

யாருடைய பெட்டி என்று கேட்டால், உங்கள் குடும்பத்தில் வரைபவர் யாரும் இல்லை என்கிறீர்கள். நூல், துளைத்தாள், கைதாங்கிக் குச்சி, மெருகுக் கல் எல்லாம் சேர்ந்திருப்பதைப் பார்த்தால் சுவர்வேலை செய்த ஒருவருடையது என்று நினைக்க இடம் இருக்கிறது. வீட்டு வேலைக்கு வந்தவர் விட்டுப்போனதாக இருக்கலாம். இது ஊகம் மட்டுமே. ஆனால் சோதிக்கக்கூடிய ஊகம். துளைத்தாளில் உள்ள கொடியின் ஒரு வளைவை அளந்துகொண்டு, ஏணி போட்டு ஏறி, பட்டாலைக் கூடத்திலும் முகப்பிலும் மேலே ஓடும் கொடிகளை அளந்து பாருங்கள். அளவும் வளைவும் பொருந்தினால் அந்தக் கை உங்கள் சுவரில் வேலைசெய்த கை. பழைய கணக்கு நோட்டுகள் இருந்தால் சுண்ணாம்பு, முட்டை, கூலி என்று எழுதிய பக்கங்களையும் தேடலாம்.

பொடிப் பொட்டலங்களில் கவனம் தேவை. விரலில் தொட்டுப் பார்த்ததாக எழுதியிருந்தீர்கள், இனி வேண்டாம். காவி, கரி, சுண்ணாம்பு பெரிய ஆபத்தில்லாதவை. ஆனால் பழைய மஞ்சள்களில் அரிதாரம் உண்டு, அதில் இருப்பது ஆர்சனிக். பளீரென்ற சிவப்பு சாதிலிங்கமாக இருந்தால் பாதரசம் சேர்ந்தது. வெள்ளைப் பொடி ஈயம் சேர்ந்ததாக இருக்கலாம், சில பச்சைகளிலும் ஆர்சனிக் உண்டு. கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. கையுறை போட்டு, தூசி எழும்பாமல், பொட்டலத்தோடு கண்ணாடிப் புட்டியில் போட்டு மூடி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். வரையும்போது பிரஷ் நுனியை நாக்கில் வைத்துக் கூட்டும் பழக்கம் உங்களுக்கு இருந்தால் அதையும் இன்றே விட்டுவிடுங்கள்.

மற்றவற்றைப் பத்திரப்படுத்த, முதலில் பெட்டியில் எது எங்கே இருந்ததோ அப்படியே படமெடுங்கள். முடி பிரஷ்களுக்கு எதிரி கம்பளியை அரிக்கும் பூச்சிகள்தான். அரித்த தடம் இருந்தால் பாலிதீன் பையில் காற்றுப்புகாமல் கட்டி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்து, எடுத்தபிறகு பையைத் திறக்காமல் ஒருநாள் வெளியே விட்டுவிடுங்கள். அப்புறம் துவைத்துக் காய்ந்த பருத்தித் துணியில் தளரச் சுற்றி, நுனி எதிலும் அழுந்தாமல் படுக்கவையுங்கள். வசம்பு போட்டுவைப்பது நம் வீட்டு வழக்கம், போடலாம், ஆனால் அதை மட்டும் நம்பிச் சும்மா இருந்துவிடாமல் மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள்.

இப்போது அந்தக் கடைசிக் கேள்வி. சாமான்கள்மேல் வரும் ஆசை சரியானதுதான், அதை நான் தயங்காமல் சொல்வேன். படம் எப்படி இருக்கும் என்பதில் பாதியைக் கருவி தீர்மானிக்கிறது. வான்கோ 1888இல் ஆர்ல் நகரத்தில் நாணல் பேனாவில் வரைந்த படங்களைப் பாருங்கள். நாணல் கொஞ்சம் மையைத்தான் பிடிக்கும், சீக்கிரம் தீர்ந்துவிடும். அதனால் கோடுகள் குட்டையாக, அடுக்கடுக்காக விழுகின்றன. வயலும் வானமும் அந்தப் படங்களில் துடிப்பதற்கு அந்தக் குட்டைக் கோடு ஒரு காரணம். ஆத்தங்குடிக் கல்லில் வர்ணச் சிமென்டை ஊற்றுவது சாதாரணக் கண்ணாடித் தட்டின்மேல். கண்ணாடியில் படிந்த பக்கம்தான் மேற்பக்கம் ஆகிறது, அந்த வழவழப்பு அங்கிருந்து வருகிறது.

இவ்வளவு தூரம் போவானேன், உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. அப்பத்தாவோ ஆச்சிமாரோ நடுவீட்டுக் கோலம் போடும்போது கையைப் பார்த்திருக்கிறீர்களா? அரைத்த அரிசிமாவில் நனைத்த ஒரு துண்டுத் துணி உள்ளங்கைக்குள் இருக்கும். அதை அழுத்த அழுத்த மாவு விரல் வழியாக இறங்கும், விரல் நுனி கோடு போடும். துணிதான் மைக்கூடு, விரல்தான் பேனா, எவ்வளவு இறங்க வேண்டும் என்பதை அழுத்தம் தீர்மானிக்கிறது. தஞ்சாவூர்ப் பக்கம் கருப்பூரில் துணியில் கலம்காரி வரைபவர்களின் கலமும் (எழுதுகோலும்) இதே தத்துவம்தான். குச்சியில் சுற்றிய பஞ்சையோ கம்பளியையோ சாயத்தில் தோய்த்து, விரலால் அழுத்தி நுனிக்குச் சாயத்தை இறக்குகிறார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தபோதுதான் எனக்கு நீர்வண்ணப் பிரஷே புரிந்தது. பிரஷின் நடுவயிறு தண்ணீரைத் தேக்கிவைக்கிறது, நுனி அளந்து விடுகிறது, நாம் செய்வதெல்லாம் அழுத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதும். கல்லூரியில் இதைச் சொல்லித்தான் கொடுத்தார்கள், ஆனால் ஆச்சிமார் கையைப் பார்க்கும்வரை அது எனக்கு வெறும் பாடமாகவே இருந்தது.

சாக்கு எங்கே ஆரம்பிக்கிறது என்றால், கருவி தேயாமல் இருக்கும் இடத்தில். கடையில் வாங்கிக் குவித்து அடுக்கிவைத்த பிரஷ்கள் உங்களிடம் நிறைய இருந்து, நுனி தேய்ந்தது ஒன்றுகூட இல்லையென்றால் யோசிக்க வேண்டும். அந்தப் பெட்டிக்காரர் சாமான்களை நேசித்தாரா என்று யாராலும் சொல்ல முடியாது. பயன்படுத்தினார் என்பது மட்டும் நிச்சயம். விலை உயர்ந்த சைபீரிய விலங்குமுடிப் பிரஷ் இருந்தால்தான் வரைய வரும் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். இன்றைக்குக் கிடைக்கும் நல்ல செயற்கைமுடி பிரஷ் ஒன்று பழகுவதற்குத் தாராளமாகப் போதும். அக்ரிலிக் வர்ணத்துக்கு அதுதான் பொருத்தமும்கூட, இயற்கைமுடியை அது கெடுத்துவிடும்.

அதனால் அந்தப் பெட்டியை அப்படியே விட்டுவிட்டு, அதில் உள்ளதுபோல நீங்களே செய்து பாருங்கள். முதலில் புளியங்குச்சிக் கரி. நம் பக்கத்து ஓவியர்கள் அடிக்கோடு போட இதைத்தான் வைத்திருந்தார்கள். பென்சில் தடிமனில் நேரான குச்சிகளை வெட்டி, பட்டை உரித்து, நன்றாகக் காயவிட்டு, மூடியுள்ள ஒரு தகர டப்பாவில் நெருக்கி நிறையுங்கள். மூடியில் ஒரே ஓர் ஆணித்துளை. டப்பாவை அடுப்பு நெருப்பில் வைத்தால் துளை வழியாகப் புகை வரும். புகை நின்றதும் வெளியே எடுத்து, துளையைக் களிமண்ணால் அடைத்து, முழுக்க ஆறும்வரை திறக்காமல் விடுங்கள். சூட்டோடு திறந்தால் காற்றுப்பட்டுச் சாம்பலாகிவிடும். அந்தக் கரியால் உங்கள் துளைத்தாளில் இருக்கும் அதே கொடியை வரையுங்கள். பிறகு அதே கொடியை மாவுத் துணியால் தரையில் போடுங்கள். பிறகு உங்கள் நீர்வண்ணப் பிரஷால் காகிதத்தில். ஒரே கொடி மூன்று விதமாகத் திரும்பும், எந்தத் திருப்பத்தைக் கை செய்தது, எதைக் கருவி செய்தது என்று உங்களுக்கே பிடிபடும். குச்சியை மட்டும் இப்போதே வெட்டிக் காயப்போட்டுவிடுங்கள், ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் காயாது.